வார்டை விடாத பேராசிரியர்

காரோடு, பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய கேரள-தமிழக எல்லை ஊர்களிலிருந்து செவிலியம் படிக்கச் சென்றிருக்கும், செல்லவிருக்கும் மாணவியருக்கும் மாணவருக்கும் ஒரு திறந்த மடல்

செவிலியப் பேராசிரியர் என்ற பதவி உலகில் முதன்முதலாக 1907இல் உருவானது. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆசிரியர் கல்லூரியில் அப்பதவியில் அமர்ந்தவர் அடிலெய்ட் நட்டிங். அதற்கு முன்பு செவிலியம் கற்பித்தவர்களுக்குப் பேராசிரியர் என்று பெயரில்லை; மேட்ரன், சூப்பரின்டென்டென்ட், வார்டு சிஸ்டர் என்றே அழைத்தார்கள். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1860இல் நைட்டிங்கேல் பள்ளி தொடங்கியபோதும் கற்பித்தல் முக்கால்வாசி வார்டிலேயே நடந்தது. இந்தியாவில் செவிலியம் பல்கலைக்கழகப் படிப்பாக, நட்டிங் பேராசிரியரான பின்னும் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின. அப்படி ஆனபோது அது அரசு அலுவலகத்தின் வழியாக மட்டும் வரவில்லை, மிஷன் ஆஸ்பத்திரியின் வாசல் வழியாகவும் வந்தது. இந்நாட்டில் கிறிஸ்தவச் செவிலியப் பேராசிரியரின் வாழ்க்கையில் கற்பித்தல், படிப்பு, மிஷன் பணி மூன்றும் பின்னிக்கிடப்பதற்கு இந்த வரலாறே காரணம்.

அந்த வரலாறு காரோட்டுக்குத் தொலைவில் இல்லை. எல்லையைத் தாண்டினால் கன்னியாகுமரி மாவட்டம், அங்கே நெய்யூர். லண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838இல் அங்கே வைத்தியம் தொடங்கினார். அவருக்குப்பின் வந்த சார்லஸ் லீச், பணியேற்றுச் சில ஆண்டுகளுக்குள் 1854இல் முட்டம் கடலில் குளிக்கப்போய் மூழ்கி இறந்தார். 1860களில் வந்த ஜான் லோ, வெளிநாட்டிலிருந்து ஒரு டாக்டர் வந்து, அவர் போனதும் அடுத்தவருக்காகக் காத்துக் கிடக்கும் நிலையை மாற்ற உள்ளூர் இளைஞர்களுக்கே மருத்துவ வகுப்பு நடத்தினார். மிஷன் ஆஸ்பத்திரியில் கற்பித்தல் நுழைந்தது இப்படித்தான். தேவைதான் அதற்குக் காரணம், கல்விக் கொள்கை எதுவும் அல்ல. அந்த வகுப்பில் இருந்தவர்கள் ஆண்கள். நோயாளிக்கு அருகில் இருந்து பார்த்துக்கொள்ள யார்? அதற்குக் குடும்பம் உண்டு என்று விட்டுவிட்டார்கள். பானை சட்டியோடு வந்து வளாகத்திலேயே பொங்கித் தின்று நோயாளியைக் கவனிக்கும் ‘கூட்டிருப்பு’க்காரர்கள்தாம் அன்றைய செவிலியர்கள். இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் கூட்டிருப்பு இன்றும் உண்டு. சோறு மட்டும் இப்போது கேன்டீனிலிருந்து வருகிறது.

1922 எவரெஸ்ட் ஏற்றக் குழுவில் இருந்துவிட்டு நெய்யூருக்கு வந்து பார்த்து, அங்கேயே தங்கிவிட்ட அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல்லை இவ்வட்டாரத்தில் அறியாதவர் குறைவு. காரக்கோணத்தில் 2002இல் தொடங்கிய சிஎஸ்ஐ மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வெற்றிலை, புகையிலை போட்டுக் கன்னத்தில் புற்றுநோய் வந்தவர்களுக்கு அவர் செய்த அறுவைகள் பேர்போனவை. ஆனால் கத்தி போட்ட மறுநாள் கட்டை அவிழ்த்துக் கழுவி, நாற்றம் பொறுத்து, பால் புகட்டியவர் பெயர் எந்தக் கல்லூரி வாசலிலும் இல்லை. மருத்துவ வரலாறு டாக்டரின் பெயரால் எழுதப்படுகிறது. அதைப் படிக்கும் செவிலிய மாணவர் வரிகளுக்கு இடையில் இருக்கும் ஆளைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது.

செவிலியத்துக்குக் கிறிஸ்தவப் பெண்களே முதலில் வந்தது ஏன் என்ற கேள்விக்குப் பக்தி ஒன்றையே விடையாகச் சொல்வது அரைகுறை. பெரிய தடை தீட்டு. ரத்தம், சீழ், மலம், பிரசவம் எல்லாம் தீட்டு. அவற்றைத் தொடுபவர் தாழ்ந்தவர். பேறு பார்க்க வயற்றாட்டி வேண்டும், ஆனால் அவளுக்குத் திண்ணைக்கு மேல் இடம் இல்லை. மேல்சாதிக் குடும்பம் தன் பெண்ணை அந்நிய ஆணின் உடம்பைத் துடைக்க அனுப்புமா? இரவில் வீட்டுக்கு வெளியே வேலை செய்யத்தான் விடுமா? தென் திருவிதாங்கூரில் இந்தத் தடை மிஷன் பள்ளிகளைச் சுற்றித்தான் முதலில் தளர்ந்தது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் 1820வாக்கிலேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்; சரிகைப் பின்னல் கற்றுக்கொடுத்துக் கைக்காசும் வரவைத்தார். மேலாடை உடுத்தும் உரிமைக்காக நாடார் பெண்கள் அடியும் இழிவும் பட்டு, 1859இல் திருவிதாங்கூர் அரசின் பிரகடனம் வழியாக ஓரளவு வென்ற மண் இது. அந்தக் குடும்பங்களின் பேத்திகளும் கொள்ளுப்பேத்திகளும் பின்னாளில் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சீருடையில் வார்டுக்குள் நடந்தபோது, அதன் பொருள் ஊராருக்கு விளங்காமல் இருந்திருக்காது.

அரசும் சும்மா இருக்கவில்லை. 1906இல் திருவிதாங்கூர் அரசின் அழைப்பில் ஸ்விட்சர்லாந்திலிருந்து ஹோலி கிராஸ் சபைக் கன்னியர் வந்து திருவனந்தபுரம் பொது மருத்துவமனையில் செவிலியப் பொறுப்பு ஏற்றார்கள். இந்து அரசரின் ஆஸ்பத்திரியில் கத்தோலிக்கக் கன்னியர், அதுவும் அரசர் அழைத்து வந்தது! நாட்டில் பயிற்சி பெற்ற பெண்கள் எவ்வளவு குறைவாக இருந்தார்கள் என்பதை இந்த ஒரு செய்தி சொல்லிவிடும்.

செவிலியக் கல்வியின் முழுக் கதையும் தொடர்ச்சியாகக் கிடைக்கும் இடம் வேலூர். இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த இடா ஸ்கடர், அமெரிக்காவில் மருத்துவம் படித்து 1900இல் திரும்பி வந்து வேலூரில் வீட்டிலேயே வைத்தியம் தொடங்கினார். அவருக்கு முதல் கைத்துணை, வீட்டு பட்லரின் மனைவி சலோமி. கொதிநீரில் கருவிகளைப் போட்டெடுப்பது முதல் கட்டுப்போடுவது வரை சலோமிக்கு இடாவே கற்றுக்கொடுத்தார். 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 40 படுக்கைகளோடு திறந்தபோது ஒரு சலோமி போதவில்லை. அமெரிக்கச் செவிலியர் டெலியா ஹௌட்டன் பொறுப்பேற்க, 1909இல் செவிலியப் பள்ளி முறையாகத் தொடங்கியது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி அங்கே வந்தது 1918இல்தான். வேலூரில் டாக்டர் படிப்புக்கு ஒன்பது ஆண்டு மூத்தது செவிலியப் படிப்பு என்பதை, பேராசிரியர்கள் முதலாண்டு மாணவியருக்குச் சற்றுப் பெருமையாகவே சொல்லலாம்; தப்பில்லை.

அக்காலத்துச் செவிலிய ஆசிரியையின் நாள் எப்படிப் போயிருக்கும் என்பதை ஊகிக்கக் கஷ்டமில்லை. அவரே மேட்ரன், அவரே டியூட்டர், துணிக்கிடங்குச் சாவி அவர் இடுப்பில், விடுதிப் பெண்களுக்குக் காய்ச்சல் வந்தால் அதுவும் அவர் பொறுப்பு, காலை ஜெபமும் அவர்தான். மிஷன் செவிலியர்களுக்கு வேறு கஷ்டமும் இருந்தது. ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொடுத்தால் ஓரிடத்தில் பயின்றவரை அடுத்த ஆஸ்பத்திரி ஏற்குமா? அதனால் 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டை ஒட்டி வடக்கிலும் தெற்கிலும் மிஷன் ஆஸ்பத்திரிகள் தமக்குள் பொதுத் தேர்வு வாரியங்களை அமைத்துக்கொண்டன. அரசுச் சட்டம் பின்னால்தான் வந்தது. சென்னை மாகாணச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் 1926. இந்தியச் செவிலியர் கவுன்சில் சட்டம் 1947. இன்று ஒவ்வொரு மாணவரும் பதிவு எண்ணுக்காகக் கவுன்சில் வாசலில் நிற்கும்போது, அந்த வரிசையின் தொடக்கம் அன்றைய மிஷன் வாரியங்களில் இருக்கிறது.

1946 இந்தியச் செவிலியத்தில் பெரிய ஆண்டு. போர் கமிட்டி (சண்டை அல்ல, சர் ஜோசஃப் போர் என்பவரின் தலைமையிலான குழு) அறிக்கை அந்த ஆண்டு வந்தது. நாட்டில் 43,000 பேருக்கு ஒரு செவிலியர் என்று அது கணக்குச் சொன்னது. காரோடு போன்ற ஒரு பஞ்சாயத்தையும் அதைச் சுற்றிய ஊர்களையும் சேர்த்து ஒரே ஒரு நர்சு என்று வைத்துப் பார்த்தால் அந்த எண்ணின் கனம் புரியும். அதே ஆண்டில் டெல்லியில் அரசுச் செவிலியக் கல்லூரியும், வேலூரில் சென்னைப் பல்கலைக்கழகத்தின்கீழ் பி.எஸ்சி. செவிலியமும் தொடங்கின. எது முதல் என்று இரு தரப்பும் இன்றுவரை விட்டுக்கொடுப்பதில்லை. டெல்லிக் கல்லூரியின் முதல் முதல்வர் மார்கரெட்டா கிரெய்க்கும் மிஷன் செவிலியராக இந்தியாவுக்கு வந்தவர்தான். வேலூரில் வேரா பிட்மன், ஃபுளோரன்ஸ் டெய்லர் போன்ற வெளிநாட்டார் சுமந்த பொறுப்பு பின்னர் இந்தியப் பெண்களின் கைக்கு வந்தது. அலேயம்மா குருவிளா அவர்களில் பெயர் சொல்லத்தக்கவர்.

பட்டப் படிப்பு வந்ததும் ஆசிரியைக்குப் புதுச் சிக்கல் வந்தது. வார்டில் இருபது வருடம் நின்ற கை இருக்கிறது, பட்டம் இல்லை. பட்டம் கொடுக்கப் பட்டம் வேண்டும். ஆகவே ஒரு தலைமுறைச் செவிலிய ஆசிரியைகள் நடுவயதில் மறுபடி மாணவியானார்கள். சிலர் கப்பலேறி இங்கிலாந்து, அமெரிக்கா சென்றார்கள். 1959இல் டெல்லியில் செவிலிய முதுகலைப் படிப்பு தொடங்கியபின் இங்கேயே ஒரு வழி பிறந்தது. வேலூரில் முதுகலை 1960களின் இறுதியில் வந்தது. பகலில் டியூட்டி, மாலையில் வகுப்பு எடுப்பது, ராத்திரியில் தன் ஆய்வுக்கட்டுரை என்பது அன்று முதல் இத்தொழிலின் பழக்கமாகிவிட்டது. இன்றைய ஏணி சற்று நேரானது: நான்காண்டு பி.எஸ்சி., ஓராண்டாவது வேலை அனுபவம், இரண்டாண்டு எம்.எஸ்சி., பிறகு முனைவர் ஆய்வு. நடுவில் அந்த ஓராண்டு அனுபவம் வேண்டும் என்ற விதி பலருக்கு எரிச்சலூட்டும். நியாயமான விதி அது. நோயாளியைத் தொடாமல் எம்.எஸ்சி. முடித்து வருபவர் புத்தகத்தை ஒப்புவிப்பார்; மாணவி தடுமாறும்போது கைகொடுக்க அவருக்குக் கை இருக்காது.

வேலூர் இந்த ஆபத்தை முன்கூட்டியே கண்டது. அங்கே செவிலியக் கல்லூரியையும் ஆஸ்பத்திரியின் செவிலியச் சேவையையும் இரண்டாகப் பிரிக்கவில்லை. கல்லூரியில் பாடம் நடத்துபவருக்கு வார்டிலும் பொறுப்பு உண்டு. வார்டின் பொறுப்பாளருக்கு மாணவியரும் உண்டு. நாட்டின் பெரும்பாலான இடங்களில் கல்லூரி ஒரு கட்டடம், ஆஸ்பத்திரி வேறு கட்டடம். டியூட்டர் மாணவியரை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் ‘கிளினிக்கல் போஸ்டிங்’கில் விட்டுவிட்டு ஓரமாக நிற்பார், வார்டு சிஸ்டர் இவர்களை விருந்தாளிகளாகவோ தொந்தரவாகவோ பார்ப்பார். பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற கவுன்சிலின் விகிதம் காகிதத்தில் சரியாக இருந்தாலும் வார்டில் ஆசிரியருக்கு அதிகாரம் இல்லையென்றால் அந்த விகிதத்தால் ஆவது கொஞ்சம்தான். இரட்டைப் பொறுப்பு உடம்பை முறிக்கும், ஆய்வுக்கு நேரம் விடாது என்ற முறையீடும் உண்மை. ஆனாலும் மிஷன் செவிலியக் கல்வி இந்நாட்டுக்குக் கொடுத்தவற்றுள் கட்டடங்களைவிட இந்த ஏற்பாடே பெரிது.

ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்பதைப் படுக்கைப் புண் ஒன்றை வைத்துப் பார்க்கலாம். பக்கவாதத்தில் விழுந்த முதியவர், வயது எழுபதுக்கு மேல், மூன்றாம் நாள். புத்தகம் சொல்வது: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும், வால் எலும்பு, குதிகால், இடுப்பு முனை, தோள்பட்டை, பின்மண்டை ஆகிய இடங்களைப் பார்க்க வேண்டும். மாணவி புரட்டுகிறார், பார்க்கிறார், சார்ட்டில் ‘பொசிஷன் மாற்றப்பட்டது’ என்று எழுதி நேரம் குறிக்கிறார். எல்லாம் சரி. ஆசிரியை வந்து முதியவரின் முதுகுக்கும் விரிப்புக்கும் இடையில் தன் உள்ளங்கையை நுழைக்கிறார். ஈரம். விரிப்பில் ஒரு மடிப்பு, அதில் ரொட்டித் துணுக்கு. வால் எலும்பின்மேல் சிவப்பு. விரலால் அழுத்தி எடுக்கிறார், சிவப்பு வெளுக்கவில்லை. அழுத்தினால் வெளுத்து மீளும் சிவப்பு எச்சரிக்கை. வெளுக்காத சிவப்பு புண்ணின் முதல் படி. அதையும் மாணவி படித்திருக்கிறார், ஆனால் அந்தத் தோலின் சூட்டை அவர் விரல் இன்னும் படிக்கவில்லை. கறுத்த தோலில் சிவப்பு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. சூடும் விறைப்பும் நிற வேறுபாடும்தான் சொல்லும். வெள்ளைத் தோலை வைத்து எழுதிய பாடநூல் படத்தைப் பார்த்துவிட்டு நம் ஊர் வார்டுக்கு வரும் மாணவிக்கு இதைச் சொல்லித்தர ஆள் வேண்டும். பிறகு ஆசிரியை விரிப்பின் ஓரத்தை இழுத்துப் படுக்கைக்கடியில் சாய்வு மடிப்பாகச் செருகிக் காட்டுகிறார். முதலாண்டில் காலி படுக்கையில் பத்துத் தடவை செய்து சலித்த அதே மடிப்பு. ஏன் செய்தோம் என்பது இப்போது விளங்குகிறது.

பிரசவ அறையிலும் இப்படித்தான். பேறு முடிந்து குழந்தை அழுதுவிட்டது, எல்லோர் கண்ணும் குழந்தையின் மேல். ஆசிரியையின் கை மட்டும் தாயின் அடிவயிற்றில் இருக்கும். கருப்பை கட்டியாக, கெட்டியான பந்துபோல் சுருங்கியிருக்கிறதா, மாவுபோல் தொளதொளவென்று கிடக்கிறதா? தொளதொளத்தால் ரத்தம் போகும். தாய்க்கு மிக ஆபத்தான நேரங்களில் ஒன்று இது. தேய்த்துச் சுருங்க வைக்கும் அந்த விரல்களின் அழுத்தத்தைப் பொம்மையில் ஓரளவே கற்கலாம்.

மிஷன் என்ற சொல்லையும் அவிழ்த்துப் பார்க்க வேண்டும். சபையார் இதை ‘ஊழியம்’ என்பார்கள். டாக்டர் ஊழியம், நர்சு ஊழியம், வேலூரில் படித்த பெண் கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனால் மிஷனரி ஊழியம். ஆனால் இந்தத் திருவிதாங்கூர் மண்ணில் இச்சொல்லுக்கு வேறொரு பொருளும் இருந்தது. ஊழியம் என்றால் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்ட வேலை. பாரம் சுமப்பது, ஓலை கொண்டுபோவது, யானைக்குத் தழை வெட்டுவது எல்லாம் கீழ்ச்சாதியார் தலையில் விழுந்தன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிஷனரிகள் வாதாடி வாங்கித் தந்த சலுகைகளில் ஒன்று, கிறிஸ்தவர்களை ஞாயிற்றுக்கிழமை ஊழியத்துக்கு இழுக்கக்கூடாது என்பது. ஆக, ஓர் ஊழியத்திலிருந்து விடுபடவே இங்கே பலர் சபைக்கு வந்தார்கள். சபை அதே சொல்லை எடுத்து மனமுவந்து செய்யும் பணிக்குப் பெயராக்கியது.

இரண்டு பொருளும் செவிலியத்தில் இன்னும் மோதுகின்றன. ஊழியம் அல்லவா என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பது, சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு பாண்டு கேட்பது, இரண்டு பேர் பார்க்க வேண்டிய வார்டை ஒருவர் தலையில் கட்டுவது எல்லாம் பழைய ஊழியத்தின் வாரிசுகள். மிஷன் என்ற பெயர்ப்பலகை அவற்றை மாற்றிவிடாது. கேரளத்தில் செவிலியர் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு 2018 ஏப்ரலில் தனியார் மருத்துவமனைச் செவிலியருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 20,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அந்தப் போராட்டத்தில் நின்றவர்களில் மிஷன் பள்ளிகளில் பயின்றவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு வகுப்பெடுத்த பேராசிரியர்கள் அன்று எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் திண்டாடியிருப்பார்கள். நல்ல ஆசிரியை மாணவியரிடம் சேவையையும் கேட்பார், டியூட்டி பட்டியலில் நியாயத்தையும் கேட்கச் சொல்வார். ஒன்று இன்னொன்றைக் கெடுப்பதில்லை.

மனமுவந்த பக்கத்துக்கும் உருவம் உண்டு. வேலூரில் சபைகளின் பரிந்துரையில் இடம் பெறும் மாணவர்கள், படிப்பு முடிந்ததும் அனுப்பிய சபையின் ஆஸ்பத்திரியில் குறிப்பிட்ட ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும். ஒடிசா, பீகார், சத்தீஸ்கர் காட்டோரச் சிற்றூர்களில் முப்பது நாற்பது படுக்கை ஆஸ்பத்திரிகள் ஓடுவது இவர்களை நம்பித்தான். அங்கே போய்ச் சேரும் இளம் செவிலியர் இரண்டாம் மாதத்திலேயே ஆசிரியையும் ஆகிவிடுகிறார், ஏனென்றால் அருகிலுள்ள பெண்களைத் துணைச் செவிலியராகப் பயிற்றுவிக்க வேறு ஆளில்லை. டெலியா ஹௌட்டன் வேலூரில் செய்த வேலை, நூறாண்டு கழித்து இன்னொரு பெண்ணால் இன்னொரு ஊரில் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. இந்தியக் கிறிஸ்தவ மருத்துவச் சங்கத்தில் 1930 முதல் செவிலியருக்கென்று தனி அமைப்பு இருப்பது, இப்படிச் சிதறிக் கிடப்பவர்களைக் கோத்து வைக்க உதவியது. கல்லூரி வளாகத்தைச் சுற்றிய கிராமங்களில் வீடுவீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் சர்க்கரை நோயாளிகளையும் பார்க்கும் சமுதாயச் செவிலியப் பணியும் மிஷனின் இன்னொரு கை. வார்டில் ஜெபிப்பது பற்றிக் கேட்டால், நல்ல பேராசிரியர்கள் கடைப்பிடிக்கும் வழக்கம் எளியது: நோயாளி கேட்டால் ஜெபிப்பது, கேட்காவிட்டால் முதுகைத் துடைப்பது. மதத்தைப் பரப்ப நோயைப் பயன்படுத்துகிறார்கள் என்ற குற்றச்சாட்டு மிஷன் ஆஸ்பத்திரிகளின் பிறப்பிலிருந்தே கூட வருகிறது. அதற்கு மேடைப் பேச்சு பதிலாகாது, வார்டில் இந்த வரம்பைக் காப்பது மட்டும்தான் பதில்.

ஆட்கள் வெளியே போவது வேறு பிரச்சினை. 1960களில் ஜெர்மனி, அமெரிக்கா, 1970களிலிருந்து வளைகுடா, பிறகு அயர்லாந்து, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா. பாறசாலை வழியாகப் போகும் ரயிலில் எத்தனை செவிலியர் ஏறியிருப்பார்கள் என்று கணக்கெடுத்தவர் யாருமில்லை. சாலையோரத்து இரண்டு மாடி வீடுகள் அந்தக் கணக்கைத் தம் பாணியில் வைத்திருக்கின்றன. போனவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் போவது செவிலியர் மட்டுமல்ல, செவிலிய ஆசிரியர்களும். முதுகலை முடித்து வளைகுடாவில் வார்டு செவிலியராகச் சேர்பவருக்கு இங்கே உதவிப் பேராசிரியருக்குக் கிடைப்பதைவிடப் பல மடங்கு கிடைக்கிறது. அதனால்தான் பல கல்லூரிகளில் நேற்றுப் படித்து முடித்தவர் இன்று பாடம் நடத்துகிறார். கவுன்சில் 2021இல் பி.எஸ்சி. பாடத்திட்டத்தை செமஸ்டர் முறைக்கு மாற்றியது, திறன் ஆய்வகமும் உருவகப் பயிற்சியும் கூடின. உபகரணம் வாங்கிவிடலாம்; அதன் அருகே நிற்கப் பழகிய ஆளைத்தான் கடையில் வாங்க முடிவதில்லை.

கடைசியாக மொழி. காரோட்டுப் பிள்ளைகளுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு கைமுதல் இது. செவிலியம் முழுக்க ஆங்கிலத்தில் படிக்கப்படுகிறது. நோய் மட்டும் நோயாளியின் பேச்சில் வருகிறது. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிரீன் இதை நன்றாக உணர்ந்தவர். தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, உடற்கூறு, அறுவை முதலிய நூல்களைத் தமிழாக்கினார். அந்த முயற்சி அவரோடு ஏறக்குறைய நின்றுபோயிற்று. இன்றைய செவிலியப் பேராசிரியர் பாடநூலைத் தமிழாக்கப் போவதில்லை. ஆனால் வார்டில் நோயாளி சொன்னதை ஆங்கிலத்துக்கு மாற்றுவது ஒவ்வொரு நாளும் நடக்கிறது, தவறுவதும் அங்கேதான்.

காரோட்டிலும் பாறசாலையிலும் ஒரே வீட்டில் தமிழும் மலையாளமும் பேசப்படுகின்றன. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வரும் மாணவி, ‘ராத்திரி முழுக்க பனி’ என்று ஒரு கிழவி சொல்வதைக் கேட்டால், ஜன்னலைச் சாத்தப் போவார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். கிழவி ‘வலிவு’ என்று சொன்னால் அவர் வலியென்று நினைத்து எங்கே என்று கேட்பார். கிழவி நெஞ்சைக் காட்டுவாள். மாணவி நெஞ்சுவலி என்று எழுதிவிட்டு இ.சி.ஜி. எடுக்க ஓடுவார். கிழவிக்கு இருப்பது மூச்சிளைப்பு. ‘தல கெறங்குது’ (தலைசுற்றல்), ‘ஓர்ம இல்ல’ (நினைவில்லை), ‘சர்தி வருது’ (வாந்தி) ஆகியவற்றுக்கும் இதே கதி. எல்லை ஊர்ப் பிள்ளைக்கு இவை பாட்டி வீட்டுச் சொற்கள். விடுதியில் தோழிகள் கேலி செய்த அதே கலப்புப் பேச்சு, வார்டில் திடீரென்று மதிப்புப் பெறுகிறது.

பேராசிரியர்கள் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். கேர் பிளானில் நோயாளி சொன்னதை எழுதும் கட்டத்தில், அவர் வாயிலிருந்து வந்த சொல்லை அப்படியே மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். மருத்துவச் சொல் அதற்குப் பக்கத்தில்தான். ஆக, கிழவியின் சார்ட்டில் முதலில் ‘பனி’ என்று எழுதி, எதிரே தெர்மாமீட்டர் காட்டிய எண்ணை எழுதி, காலை ஏழு மணிக்கு டியூட்டி மாறும்போது அடுத்தவரிடம் இரண்டையும் வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்க வேண்டும்.